தொப்பிக்குள் ஒளித்த பேனை

என் ஆசைத் தங்கச்சி பரிமளத்துக்கு,

நீ போய் ஒரு வருடமாகிறது. இறுப்பிட்டியில் உன் வீட்டுக்கு நான்தான் விளக்கு வைக்கிறேன். காது கேட்காத உன்னோடு கையாலேயே பேசிப் பழகியவள், இன்று நானாகப் படித்த எழுத்தில் எழுதுகிறேன். உனக்கு வாசிக்கத் தெரியாது. பரவாயில்லை, ஊர் வாசிக்கட்டும்.

அடிப்பதற்கு முன் உன் புருஷன் உன் கைகளைக் கட்டுவான். உன் பேச்சு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கயிற்றுத் தழும்போடுதான் உன்னைப் பொலிசுக்குக் கூட்டிப்போனேன்.

"இவ காட்டுறது விளங்கேல்லை. புருசனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவர் சொல்லட்டும்" என்றார் அங்கிருந்த அதிகாரி. அடித்தவனே உனக்காகப் பேச வேண்டுமாம். நான் சொல்கிறேன் என்றதற்கு, நீர் உம்முடைய கதையைத்தான் சொல்லுவீர் என்றார்.

"அப்ப நான் வெளியிலை நிக்கிறன். அவவுக்கு எதையாவது காட்டிப்போட்டு என்னைக் கூப்பிடுங்கோ. அது என்னெண்டு அவ கையாலை சொல்லுறதை நான் சொல்லுறன்" என்றேன்.

திரும்பி வந்தபோது உன் கைகள் பறந்தன. நான் அப்படியே சொன்னேன்: "உங்கடை பேனையைத் தொப்பிக்குள்ளை ஒளிச்சிருக்கிறியள். தொப்பியைத் தோய்க்கட்டாம், வேர்வை மணக்குதாம்."

பக்கத்தில் நின்ற பெண் பொலிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அந்தப் பேனையாலேயே அவர் முறைப்பாட்டை எழுதினார். வழக்கு முடிந்து அவன் உன் வீட்டை விட்டு வெளியேறினான். நீ கடைசிவரை உன் வீட்டில் இருந்தாய். தழும்போடு நின்று பகிடி விட்டவள் நீ. நினைத்தால் இப்பவும் என் நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் கோபம் ஆறவில்லை. காது கேட்கிற பெண்ணிடம் யாராவது பேனையை ஒளித்துப் பார்ப்பார்களா?

போன கிழமை சுருவில் கிராமத்திலிருந்து ஒரு தாய் தன் மகளை என்னிடம் கூட்டிவந்தாள். அவளுக்கும் காது கேட்காது. அடிப்பவன் தமையன். அதே பொலிஸ் நிலையம், வேறு அதிகாரி. தமையனைக் கூட்டிவரச் சொன்னார். நாங்கள் மறுத்ததும் என்னைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கோவன் அம்மா என்றார். அவள் பேசுவது பள்ளிக்கூடத்தில் படித்த சைகை, நம் வீட்டுச் சைகை இல்லை.

"எனக்கு ஏலாது. சைகை படிச்ச ஆளைக் கூப்பிடுங்கோ. அதுவரைக்கும் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டன்."

பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து சைகை படித்த ஒரு பெண் வந்தாள். அந்தப் பிள்ளை கையால் நிறுத்தாமல் பேசினாள், வந்தவள் அதை வாயால் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். தொப்பி மேசையில் சும்மா கிடந்தது.

இனி எவள் வந்தாலும் அந்தக் கதிரையில் போய் இருப்பேன், பரிமளம். ஒருத்தியையும் சோதிக்க விடமாட்டேன்.

தொப்பி மணத்தைக்கூட விடாமல் சொன்ன
உன் அக்கா