எடுக்காத படம்

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு கிலோ அரிசிக்கு நீலச் சாயம் போட்டோம். விரலில் இன்னும் வினிகர் நாற்றம். மகள் பெதானி அதில் கை விட்டு அளைய வேண்டும், சிரிக்க வேண்டும். இரண்டேகால் வயது. வீடியோவின் மூன்றாவது டேக்கில் ஒரு பிடியை வாயில் போட்டு, நீல எச்சிலோடு என் சட்டையில் துப்பினாள்.

“நடுவுல சிரிச்சா இல்ல, அத மட்டும் வெட்டி எடுத்துக்கலாம்,” என்றாள் கேட்லின். “ஜெரார்ட், கேப்ஷன்?”

என் மனைவியின் இணையப் பக்கத்தைப் பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். குழந்தையோடு தினம் ஒரு விளையாட்டு. வாசகம் என் பொறுப்பு. நான்கு வருடம் இலக்கியம் படித்தவன் எழுதினேன்: பிஞ்சு விரல்களுக்கு ஒரு குட்டிக் கடல்.

அழித்துவிட்டுத் திரும்ப அதையே அடித்தேன்.

மார்ச் 5

இன்றைய விளையாட்டுக்குக் குளியலறைத் தரையெங்கும் ஷேவிங் நுரை. பெதானி வழுக்கி விழுந்தாள். அழுவதற்கு முன் போனைப் பார்த்தாள்.

மார்ச் 7, சனி

நானும் பெதானியும் தேக்கா சந்தையில் சாயம் வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பினோம். எதிரே ஒருவர் போனை முகத்துக்கு நேராக உயர்த்தி எதையோ படித்துக்கொண்டிருந்தார். பெதானி தலையைச் சாய்த்தாள், பல்லைக் காட்டினாள், கை தட்டினாள். அந்தச் சிரிப்பு. நாங்கள் வெட்டி எடுத்துக்கொள்ளும் சிரிப்பு.

அவர் பார்க்கவே இல்லை. டோபி காட் நிலையத்திலிருந்து சைனாடவுன் வரை அதை முகத்தில் வைத்திருந்தாள். கன்னம் நடுங்கியது.

யாரோ ஒரு ஆள். ஒரு போனின் முதுகு. என்ன செய்து வைத்திருக்கிறோம் இந்தப் பிள்ளையை?

மார்ச் 8, ஞாயிறு

கேட்லினிடம் சொன்னேன். தவக்காலத்துக்கு அவள் இறைச்சியை விட்டிருக்கிறாள். இதையும் விடலாமே என்றேன்.

“பூசைக்கே வராத ஆளு தவக்காலம் பேசறியா?”

“ஈஸ்டர் வரைக்கும்தான்.”

“தவக்காலத்துல ஞாயித்துக்கிழமை கணக்குல வராது லா. சண்டே மட்டும் எடுத்துக்கலாம்.”

நான் சிரிக்கவில்லை. அவள் எங்கள் முதல் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். பெதானிக்கு எட்டு மாதம். கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறாள், தன் பாட்டுக்கு. பின்னாலிருந்து ஒரு குரல்: இங்க பாரு, செல்லம். போனப் பாரு. சிரி.

என் குரல். குழைந்து, ஒட்டிக்கொள்கிற குரல். காதைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

“யாரு ஆரம்பிச்சது?” என்றாள்.

வீடியோவை நிறுத்தினேன். பிறகு அவளே கேட்டாள்: “அந்த ரயில் ஆளு ஒரு தடவகூட பாக்கலையா?”

“இல்ல.”

போனை அலமாரி மேல் வைத்தாள்.

மார்ச் 10

நான் வேலையை விட்ட பிறகு பகலில் பெதானியோடு இருப்பது நான்தான். இன்று அட்டைப் பெட்டிகளை எதிரே வைத்தேன். தொடவில்லை. என் போனைத் தேடி எடுத்து வந்து மடியில் வைத்தாள்.

“அப்பா, எடு.”

“சும்மா வெளயாடுமா.”

பெட்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சும்மா விளையாடுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

மார்ச் 13

அதேதான். “அப்பா, எடு.”

மார்ச் 17, செவ்வாய்

மழை விட்டதும் கீழே போனோம். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால், குப்பைத் தொட்டிப் பக்கம், ஈரப் புல்லில் ஒரு நத்தை. பெதானி குந்தி உட்கார்ந்தாள். வாய் திறந்து எச்சில் ஒழுகியது. மூக்கும் ஒழுகியது. புருவம் சுருங்கியிருந்தது. அழகாக இல்லை. இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

பிறகு நத்தையைப் பிய்த்தெடுத்து என் மணிக்கட்டில் வைத்தாள். குளிர்ந்த சளி. உடம்பெல்லாம் கூசியது. அதற்குள் மற்றக் கை பாக்கெட்டில் போனைப் பிடித்திருந்தது, தானாகவே. நத்தையைவிட அந்தக் கைதான் அருவருப்பு. போனை விட்டுவிட்டுக் கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

நத்தை முழங்கை வரை ஏறியது. அவள் ஒரு தடவைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இருவரும் நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவினோம். பிசுபிசுப்புப் போகவில்லை.

மாலையில் கேட்லின் வேலையிலிருந்து வந்தாள். “இன்னிக்கு என்ன பண்ணீங்க?”

“நத்த,” என்றாள் பெதானி. “அப்பா மேல.”

“ச்சீ. வீடியோ...” நிறுத்திக்கொண்டாள். செருப்பைக் கழற்றவில்லை. “இன்னும் அங்க இருக்குமா?”

கைப்பையைச் சோபாவில் போட்டாள். பெதானியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போனாள். பைக்குள் அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது.