ஏழாம் படுக்கையில் டியூட்டி

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் மகளுக்கு இருமல் நின்றுவிட்டது. பள்ளிவிட்டு வந்ததும் "அம்மா எப்ப வருவாங்க பெரியம்மா?" என்றுதான் முதல் கேள்வி. அரசாங்கம் உன்னைத் தூரத்து ஊருக்குத் தூக்கியடித்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பாதி உண்மைதான்.

நம் நர்சுகள் போராட்டத்தில் நீ மைக்கைப் பிடித்து, "நாப்பத்தெட்டு நோயாளிக்கு ஒரே நர்சுன்னா யாரை முதல்ல பாக்குறது, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாய். மறுநாள் அமைச்சர் நம் வார்டு டியூட்டி சார்ட்டைத் தூக்கிக் காட்டினார். ஷிப்ட்டுக்கு ஆறு பேர் இருக்கிறார்கள், புதுப் பணியிடத்துக்கு நிதி எதற்கு என்றார். உன்மேல் பொய் பரப்பியதாகக் குற்றச்சாட்டு, கையோடு மாற்றல் உத்தரவு. அந்தச் சார்ட்டைப் போட்டவள் வார்டு பொறுப்பில் இருக்கும் நான். உனக்குத் தெரியாதா என்ன? ஒரு வார்த்தை கேட்காமல், மகளை என்னிடமே விட்டுவிட்டு பஸ் ஏறினாய்.

சார்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மேலே விளக்கம் எழுதித் தரவேண்டும். ஆளில்லை என்று ஒருமுறை எழுதினேன். "இதை எழுதவா உங்களுக்குச் சம்பளம்?" என்று ஆஸ்பத்திரி சூப்பிரண்டு எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அதற்குப் பிறகு லீவில் போனவள், மாற்றலாகிப் போனவள் என்று கைக்கு வந்த பெயரைப் போட்டு நிரப்பினேன். எவன் பார்க்கப்போகிறான் என்ற அலட்சியம்.

நேற்று பழைய சார்ட்டுகளைப் புரட்டினேன். குடல்வால் ஆபரேஷன் முடிந்து நம் வார்டிலேயே ஏழாம் படுக்கையில் கிடந்தாயே, அந்த நான்கு நாளும் நீ அங்கே டியூட்டி பார்த்ததாக எழுதியிருக்கிறேன். உனக்கு ஊசி போட்ட அதே கையால். சீ, நானெல்லாம் ஒரு அக்காவா!

வியாழக்கிழமை உன் விசாரணை. நானே வந்து சொல்லவேண்டும். ஓய்வுக்கு எட்டு மாதம்தான் இருக்கிறது, பென்ஷன் போய்விடுமோ என்று பயம். வருவேன் என்று உறுதியாக எழுதக்கூடத் துணிச்சல் வரவில்லை பார், அவ்வளவு கோழை. அந்தச் சார்ட்டின் நகலும் உன் கேஸ் ஷீட்டின் நகலும் இதோடு இருக்கின்றன. இந்தக் கடிதத்தையும் சேர்த்து அவர்கள் முன்னால் வை. அக்கா பாவம் என்று மறைத்துவிடாதே. அப்படிச் செய்யக்கூடியவள் நீ.

ஜெயித்து வா, தாயே. வந்ததும் வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

வெட்கத்துடன்,
உன் அக்கா