வினோ வளர்த்த மீன்

உடும்பஞ்சோலை

வினோ அப்பாவுக்கு,

போனில் வினோ பேரைச் சொன்னதும் வைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். அவன் வளர்த்த நுரையீரல் மீனுக்கு உடம்பு சரியில்லை. மேலே வந்து காற்றை விழுங்கினால்தான் அது பிழைக்கும், எழும்பத் தெம்பில்லை. மிருக டாக்டர் சொன்னபடி தொட்டித் தண்ணீரை ஒரு சாணுக்குக் குறைத்திருக்கிறேன்.

“என்னடி, மீனுக்குப் பத்தியம் பாக்கியாக்கும்? குழம்புக்குக்கூட ஆவாது” என்று பக்கத்து லயத்து வீட்டுச் செபமாலையம்மா சிரித்தாள். பிள்ளையை அடக்கம் செய்த பிறகு நானும் அன்றுதான் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் அவன் மூச்சுக்குத் திணறியபோது நீங்கள் வராந்தாவிலேயே நின்றீர்கள். பிறகு வாளையாருக்கு வேலைக்குப் போய்விட்டீர்கள். குற்றம் சொல்லவில்லை. எனக்கும் ஓடத்தான் தோன்றியது.

மீன் பிழைக்குமா, தெரியவில்லை. வந்து என்னோடு தொட்டிப் பக்கத்தில் உட்காருங்கள். இன்னொரு தடவை தனியாகப் பார்க்க என்னால் முடியாது.

உங்கள் வீட்டுக்காரி