கேள்விக்கு மைனஸ் அரை

பிப்ரவரி 3, திங்கள்

இன்று மதியம் ஒன்று இருபதுக்கு, ஒரு வக்கீல் ஆபீஸில், ஜெராக்ஸ் மெஷினின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்த சுபவேளையில், நான் உலகத்தின் முதல் மனிதன் ஆகிவிட்டேன் என்ற செய்தி போனில் வந்து விழுந்தது.

உலகம் என்றால் எங்கள் இணைய மன்றம்தான். பிரிண்டர் மக்கர் பண்ணினால் ஜனங்கள் அங்கே வந்து அழுவார்கள். நாங்கள் நாற்பது பேர் சும்மா, சேவையாக, கண்ணீர் துடைப்போம். யார் எத்தனை பேருக்குத் துடைத்தார் என்று யாரும் எண்ணியதில்லை. போன மாதம் முதல் எண்ணுகிறோம். தீர்வு சொல்லி, அழுதவர் ‘இதுதான் சரி’ என்று பச்சை டிக் போட்டால் பத்துப் புள்ளி. பழைய பதில்களுக்கும் சேர்த்தே கணக்கு. இன்று பட்டியல் வந்துவிட்டது. முதலிடம், ‘அச்சுப் பேரரசன்’. அடியேன்தான்! முப்பதாயிரத்து எண்ணூற்று எழுபது புள்ளிகள். இரண்டாவதாக நிற்கும் ‘டோனர் துரை’ என் முதுகைப் பார்க்கவே தொலைநோக்கி வாங்க வேண்டும்.

அக்காவிடம் சொன்னேன். “பேரரசருக்கு மொட்டைமாடி தெரியுமா? துணி காயுது. போய் எடுத்துட்டு வாங்க” என்றாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பட்டியலை மேலிருந்து கீழே மூன்று முறை படித்தேன். மன்றத்தில் கூட எழுதுகிற ஊதாக்கதவின் பெயரைக் காணவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டுமோ?

பிப்ரவரி 9, ஞாயிறு

கண்ணாடியில் கோளாறு இல்லை. ஊதாக்கதவு உண்மையாகவே இல்லை. கடைசியாக எழுதியது ஜனவரி இருபது. மூன்று வாரம்! நான் கவனிக்கவேயில்லை. என் புள்ளி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருங்கால வரலாற்றாசிரியர்களுக்காக ஊதாக்கதவைப் பற்றி எழுதிவைக்கிறேன். அது அவர் மன்றத்தில் வைத்துக்கொண்ட பெயர். சொந்தப் பெயரோ ஊரோ எனக்குத் தெரியாது. யாரோ ஒருமுறை ‘சார்’ என்றதற்கு, “சார் இல்லீங்க, மேடம். ஸ்குரூ டிரைவர் எங்க கையிலயும் நிக்கும்” என்று எழுதினார். எனக்குத் தெரிந்த சரித்திரம் அவ்வளவுதான்.

ஆறு வருடத்தில் அவர் தீர்வு என்று சொன்னது அபூர்வம். கேட்பார். ஒரே ஒரு கேள்வி. ஒரு பள்ளிக்கூட ஆபீஸ் அம்மாள், தாள் முழுக்கக் கறுப்புப் புள்ளி விழுகிறது என்று புலம்புவார். நான் வாயைத் திறப்பதற்குள் ஊதாக்கதவு அங்கே நிற்பார்: “ஒரு புள்ளிக்கும் அதுக்குக் கீழ இருக்கிற புள்ளிக்கும் நடுவுல எத்தனை மில்லிமீட்டர்னு ஸ்கேல் வெச்சுப் பாத்துச் சொல்றீங்களா?” அம்மாள் அளந்து தொண்ணூற்று நான்கு என்பார். மெஷினுக்குள் சுற்றுகிற ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சுற்றளவு உண்டு. அந்த மெஷினில் தொண்ணூற்று நான்கு என்றால் டிரம். உடனே நான் இமயமலை இடிந்து விழுகிற சத்தத்தோடு பாய்ந்து ‘டிரம்மை மாற்றுக!’ என்று கர்ஜிப்பேன். டிக் எனக்கு. ஊதாக்கதவு அதற்குள் அடுத்த அழுகைக்குப் போயிருப்பார்.

நான் தப்பாகக் கர்ஜித்த நாளும் உண்டு. அப்போது மட்டும் எனக்கும் ஒரு கேள்வி வரும். “பேரரசே, பின்மூடியைப் பார்க்கச் சொன்னீங்களா?” சொல்லியிருக்க மாட்டேன்.

மன்றத்தில் என்னைப் பேரரசே என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன்.

புள்ளி வந்து கண்ணை மறைக்கும் வரை, ஆறு வருடமாகக் காலை ஏழு மணிக்கு டீயோடு உட்கார்ந்தால் நான் முதலில் தேடியது அவருடைய கேள்வியைத்தான். இப்போது மறுபடி தேடுகிறேன். டீ ஆறிப்போகிறது.

பிப்ரவரி 12, புதன்

மன்றத்தின் நிர்வாகிக்கு போன் போட்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனுஷன்.

“ஊதாக்கதவா? அவங்களை நிறுத்தி வெச்சிருக்கு அண்ணே.”

“எந்த மடையன் நிறுத்தினான்?”

“நீங்கதான் அண்ணே.”

நானேதான். ‘எனக்கும் இதே பிரச்சனை’, ‘யாராச்சும் சொல்லுங்க’ என்று எழுதியே மன்றத்தை நிரப்புகிற கூட்டத்தை விரட்ட, டிக் வாங்காத ஒவ்வொரு பதிலுக்கும் மைனஸ் அரைப் புள்ளி போடலாம் என்று டிசம்பரில் யோசனை சொன்னது நான். மைனஸ் ஆயிரத்தைத் தாண்டினால் எழுதுவதை நிறுத்திவைத்து, பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டு, தானாகவே ஒரு கடிதம் போகும். ஊதாக்கதவு ஆறு வருடத்தில் எழுதியது நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து. டிக் வாங்கியது பத்து. மீதி எல்லாமே கேள்வி. கேள்விக்கு எவன் டிக் போடுவான்? கணினி கூட்டிக் கழித்து, மைனஸ் இரண்டாயிரத்து இருநூறு என்று சொல்லிவிட்டது. மன்றத்திலேயே கடைசி ஆள்.

அந்தக் கடிதமும் என் கைவண்ணம். இதோ:

‘அன்புடையீர், தங்கள் சொற்களின் பாரம் தாங்காமல் இம்மன்றத்தின் தூண்கள் இரவுபகலாக முனகுகின்றன. தாங்கள் சற்றே மௌனம் காத்தருளினால் அறிவுலகம் ஏழேழு தலைமுறைக்கும் கடமைப்பட்டிருக்கும்.’

எழுதிவிட்டு நிர்வாகியும் நானும் ஒரு வாரம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிப்ரவரி 13, வியாழன்

அதை மறுபடியும் படித்தேன். நல்லாத்தான் எழுதியிருக்கேன், பாவி.

பிப்ரவரி 16, ஞாயிறு

அக்கா மகளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிட்டாள். அவள் ஒரு கஸ்டமர் கேர் ஆபீஸில் போன் எடுக்கிற வேலை.

“எங்க ஆபீஸ்லயும் இதே கூத்துதான் மாமா. ஒரு அக்கா இருந்தாங்க. எந்த போனை யாருக்கு மாத்தணும்னு ரெண்டு வார்த்தையில கண்டுபிடிச்சிருவாங்க. அவங்க கணக்குல ஒரு போன்காலும் முடிஞ்சதா வராது. எல்லாம் மத்தவங்க கணக்குல முடியும்.”

“இப்ப எங்க அவங்க?”

“போயிட்டாங்க.” என்னையே பார்த்தாள். “மாமா, உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு அவங்க மேல ஒரு இது இருக்கா?”

“எது?”

“இதுதான்.”

அடுப்படியிலிருந்து அக்கா குரல்: “அவனுக்கு இதுவும் கிடையாது அதுவும் கிடையாது. முதுகுவலிதான் இருக்கு.”

ஐம்பத்தாறு வயதில் ‘இது’ வரக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? முகம் தெரியாது. குரல் தெரியாது. மூக்குக்கண்ணாடி போடுவாரா, தெரியாது. எது இல்லாமல் எனக்கு இப்படி இருக்கிறது என்று மட்டும் நன்றாகத் தெரிகிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

எண்ணத் தொடங்கினேன். கணினிக் கணக்கு இல்லை, என் கணக்கு. டிக் வாங்கிய என் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பதில்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எனக்கு முன்னால் அவர் கேட்டிருக்கிறாரா என்று பார்க்கிறேன். நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தி. இன்று இருநூற்றெட்டு முடிந்தது. சாப்பிட மறந்தேன் என்று சொன்னால் அக்கா சாட்சிக்கு வரமாட்டாள். இரண்டு முறை சாப்பிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

முடிந்தது.

என் டிக்குகளில் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு, அவர் கேட்டு, வந்தவர் விவரம் சொன்ன பிறகு நான் எழுதியவை. பேரரசின் பாதிக்கு மேல் போயிற்று. இதை எதிர்பார்த்தேன்.

எதிர்பார்க்காதது வேறு. தேடிக்கொண்டே போகும்போது, யாருக்குமே டிக் இல்லாமல் பாதியில் நின்ற பேச்சுகள் கண்ணில் பட்டன. ஒருவர் புது பிரிண்டர் வாங்கி, தாள் இழுக்கவில்லை என்கிறார். ஊதாக்கதவு: “உள்ள ஆரஞ்சு கலர்ல டேப் ஏதாவது ஒட்டியிருக்கா?” அந்த மனுஷன்: “அட, ஆமா!” அவ்வளவுதான். ஓடிவிட்டார். யாருக்கும் புள்ளி இல்லை. ஊதாக்கதவுக்கு மைனஸ் அரை. இப்படி அறுநூற்றுப் பன்னிரண்டு. எனக்கு வேலையே வைக்காமல் அவர் முடித்துவிட்டுப் போனவை.

அவற்றில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. டிக் கிடைக்காத இடத்தை எட்டிப் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை.

மார்ச் 8, சனி

வீடியோவில் குழுக் கூட்டம். என் நோட்டைக் கேமரா முன் தூக்கிக் காட்டினேன். மைனஸை எடுங்கள், கேள்விக்கும் புள்ளி கொடுங்கள் என்றேன்.

டோனர் துரை தலையைச் சொறிந்தார். “கேள்விக்குப் புள்ளி குடுத்தா, நாளைக்கு நாற்பது பேரும் ‘ஸ்விட்ச் போட்டிருக்கா’ன்னு கேட்டே கோட்டை கட்டிருவாங்க. நல்ல கேள்வின்னு எதை வெச்சுச் சொல்லுவீங்க? அளவு சொல்லுங்க, கை தூக்குறேன்.”

என்னிடம் அளவு இல்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

மைனஸ் ரத்து. கடிதம் ரத்து. நிறுத்தப்பட்டவர்களுக்கு விடுதலை. கேள்விக்குப் புள்ளி இல்லை. என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள்.

பிறகு ஊதாக்கதவுக்கு எழுத உட்கார்ந்தேன். நிர்வாகி அவருடைய முகவரியைத் தரமாட்டார். எழுதித் தந்தால் அனுப்பிவைப்பார். நாலு பக்கம் எழுதினேன். அதில் ஏழு கடல் வற்றியது, சூரியன் வெட்கப்பட்டு மேற்கில் உதித்தது. அக்கா மகள் படித்துவிட்டு, “மாமா, அந்தக் கடிதம் எழுதின அதே ஆள்தான் இதையும் எழுதியிருக்கார்” என்றாள்.

கிழித்தேன். அனுப்பியது இது:

‘அந்தக் கடிதத்தை எழுதியது நான். மைனஸ் யோசனையும் என்னுடையது. எழுதும்போது உங்களைப் பற்றி நினைக்கவில்லை. மன்னிக்க வேண்டும்.’

மார்ச் 10, திங்கள்

இல்லை.

மார்ச் 14, வெள்ளி

பதில் இன்றும் இல்லை. மனுஷன் வேலைக்குப் போகும் வழியில் ஒரு கதவு ஊதாவாக இருந்தால் நின்று பார்ப்பானா? பார்த்தேன். நாய் குரைத்தது. ஓடினேன்.

மார்ச் 17, திங்கள்

மன்றத்துக்கு ஒருவர் வந்தார். ஜெராக்ஸில் நெடுகக் கறுப்புக் கோடு. ‘கண்ணாடியைத் துடை’ என்று கர்ஜிக்க விரல் துடித்தது. அடக்கிக்கொண்டு கேட்டேன்: “தாளைக் கண்ணாடி மேல வெச்சு எடுத்தாலும் கோடு வருதா, இல்ல மேல அடுக்கி மெஷினே இழுத்துக்கிட்டாதான் வருதா?”

ஒரு மணி நேரம் கழித்துப் பதில்: “இழுக்கும்போதுதான். ஓரத்துல ஒல்லியா ஒரு கண்ணாடி இருக்கு, அதுல பசை. துடைச்சிட்டேன்.” ஆளைக் காணோம். டிக் இல்லை, நன்றி இல்லை.

இப்படித்தான் இருக்குமா, ஒவ்வொரு தடவையும்? நாலாயிரத்து அறுநூறு தடவை?

மார்ச் 26, புதன்

வந்தது! நிர்வாகி அனுப்பிவைத்தார். ஒரே வரி.

“அந்தக் கடிதத்தை எழுதிட்டுச் சிரிச்சீங்களா?”

இல்லை என்று எழுத ஆயிரம் வழி தெரிந்தவன் நான். ஆயிரத்தையும் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். அனுப்பியது: ‘ஆமாம். ஒரு வாரம்.’

போச்சு. எல்லாம் போச்சு. எவனாவது உண்மையைச் சொல்வானா?

மார்ச் 31, திங்கள்

போச்சுதான்.

ஏப்ரல் 3, வியாழன்

போகவில்லை.

“ஒவ்வொண்ணா எண்ணினீங்களாமே. நிர்வாகி சொன்னார். ஏன்?”

வங்கி ஒன்றில் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தேன். விரலெல்லாம் டோனர் தூள். அப்படியே தட்டி அனுப்பினேன், ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காமல்: ‘காலையில் ஏழு மணிக்கு உங்கள் கேள்வி இல்லை. அதற்கப்புறம் நாள் முழுக்க என்ன செய்வதென்று தெரியவில்லை.’

திருகாணி ஒன்று மிச்சம் வந்தது. எங்கே போடுவது என்று மறந்துவிட்டது. மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன்.

ஏப்ரல் 5, சனி

“செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வேலை இருக்கா?” கீழே ஒரு போன் நம்பர்.

வேலை இருக்கிறது. ஒரு லேபில் மெஷின் நின்று கிடக்கிறது. வேலை இல்லை என்று பொய் சொல்லி, மலையைத் தாண்டி ஓடி வருகிறேன் என்று எழுதலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

‘நாலுக்கு இருக்கிறது. ஐந்துக்கு இல்லை.’

“சரி” என்று வந்தது. அவர் எழுதி நான் பார்த்த, கேள்வி இல்லாத இரண்டாவது பதில்.

ஏப்ரல் 8, செவ்வாய்

லேபின் படிக்கட்டில் உட்கார்ந்து போன் செய்தேன்.

குரல் கொஞ்சம் கரகரப்பு. இருபது வருடம் ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் வேலையாம். பிரிண்டர் நின்றுவிட்டால், மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பார்ட் கொண்டுவருகிறேன் என்று போனால் ஒரு வாரம் ஆகும். நோயாளிகள் சீட்டு இல்லாமல் வரிசையில் நிற்பார்கள். அதனால் அவன் போனிலேயே என்னவெல்லாம் கேட்பான் என்று எழுதி வைத்துக்கொண்டு, முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாராம். “ரிப்பேர் எனக்குத் தெரியாதுங்க. வர்றவர் சரியான பார்ட்டோட வரணும். அவ்ளோதான்.”

மன்றத்துக்கு இனி வரப்போவதில்லை என்றார். கடிதம் படித்த அன்று ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டதாகவும், அதை மறக்க முடியவில்லை என்றும் சொன்னார். நான் வாதாடவில்லை. நான்! ஒரு உவமைகூட வாயில் வரவில்லை. அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். சொன்னார். வீட்டில் யாரெல்லாம் என்று கேட்டேன். அவரும் தங்கையும். கதவு எதற்கு ஊதா என்று கேட்டேன். அதற்குச் சிரித்துவிட்டு, பெரிய கதை, இன்னொரு நாள் என்றார்.

ஆறு பதினெட்டுக்கு வைத்தோம். வாட்ச்மேன் கேட்டைப் பூட்ட வந்து நின்றுகொண்டிருந்தார். வழியில்தான் உறைத்தது: இன்று அவர் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் நான்.