ஜெபத்தில் சொல்லிவிட்ட சம்மதம்

அக்கா,

ஞாயிறு ஆராதனையில் போதகர், "தம்பிக்குக் கிட்னி கொடுக்கப்போற நம்ம பிரிசில்லாவுக்காக ஸ்தோத்திரம்" என்று ஜெபித்தார். சபையே ஆமென் சொன்னது. உன் வாய் அசையவில்லை, பார்த்தேன். அதுவரை உன்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

என் எம்.ஏ. வகுப்பில் கிறிஸ்தவப் பார்வையில் மருத்துவ அறம் படிக்கிறோம் அல்லவா, அங்கே இதைப் பெயர் சொல்லாமல் கேள்வியாக வைத்தேன். மறுக்க வழியில்லாதவள் கொடுத்தால் அது தியாகமா?

"கூடப் பொறந்தவங்களைப் போய் இன்னா கேக்கிறது?" என்றான் புகழேந்தி.

"கூடப் பொறந்தா கிட்னியும் பொதுவாடா?" என்றேன்.

பேராசிரியர் குறுக்கிட்டார். "சரிப்பா, அந்த அக்கா இன்னா சொல்றாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக்கொள்ளவில்லை.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர், கொடுக்கச் சம்மதமா என்று உன்னைத் தனியாகக் கேட்பார். விசாரித்துவிட்டேன். நீ வேண்டாம் என்றால், "இவங்க கொடுக்க முடியாது" என்று மட்டும்தான் வீட்டுக்குச் சொல்வார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். நானும் துருவ மாட்டேன். கொடுப்பதானாலும் உன் வாயால் சொல்.

அம்மா துணைக்கு வருகிறேன் என்பாள். அதனால் என் டயாலிசிஸை அதே நேரத்துக்கு மாற்றிவிட்டேன். அவள் என்னோடு இருந்தாக வேண்டும். ஷூ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, ஆம்பூரிலிருந்து நீ தனியாக வா.

உன் தம்பி