தண்ணீர் பாட்டிலுக்கு இடமில்லாத பை

மார்ச் 3, ஞாயிறு
மலை இறங்கும்போது கேமராப் பையின் வார் பிய்ந்துவிட்டது. நல்லவேளை, கேமரா தப்பியது. தைத்தவன் கையில் கிடைத்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். கூட வந்த அக்கா, “புதுசு வாங்கறப்ப தண்ணி பாட்டில் வைக்க இடம் இருக்கான்னு பாருடா” என்றாள். கேமராப் பை வாங்கப் போகிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

மார்ச் 6, புதன்
அரைநாள் லீவு போட்டுக் கடைக்குப் போனேன். ஒன்பது பைகளைத் தோளில் மாட்டிப் பார்த்து, கடைசியில் ஒன்று பிடித்தது. இரண்டு கேமரா, நாலு லென்ஸ், ஒவ்வொன்றுக்கும் மெத்தை வைத்த தனி அறை. “சாப்பாடு, மழைக்கோட்டெல்லாம்?” என்று கேட்டேன். “கூட யாராவது வருவாங்கல்ல சார்?” என்றார் விற்பனையாளர். வருவாளே, அக்கா. வாங்கிவிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி
போனில் அக்காவிடம் பையின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “நான் இனிமே வரலடா, தோள் வலி” என்றாள். மூன்று வருஷமாகச் சொல்லாத தோள் வலி! “நீ எப்பவாவது கேட்டியா?” என்று என்னையே திருப்புகிறாள். எனக்கென்ன ஜோசியமா தெரியும்? போனை வைத்துவிட்டேன். வராவிட்டால் போகட்டும். எனக்குக் கால் இல்லையா?

மார்ச் 10, ஞாயிறு
தனியாகப் போனேன். பாட்டிலும் சாப்பாடும் ஒரு துணிப்பையில். ஒரு கை அதற்கே போச்சு — மிச்சக் கையில் எந்தப் படத்தை எடுப்பது? பாதி ஏற்றத்தில் துணிப்பையின் காது அறுந்து, பாட்டில் உருண்டு பள்ளத்தில் போனது. வாய்விட்டுத் திட்டினேன், பாட்டிலை. எதிரே வந்த இருவர் ஒதுங்கிப் போனார்கள். நாக்கு வறண்டு பாதியிலேயே திரும்பினேன். ஒரு படம்கூட இல்லை.

மார்ச் 11
நானாகப் பேசமாட்டேன்.

மார்ச் 13, புதன்
என் ட்ரைபாட் அக்காவின் பையில் இருந்தது. எடுக்கப் போனேன். அவள் ஆஸ்பத்திரி டூட்டியில். அவள் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். பையைத் தூக்கினேன். சந்தேகமாக இருந்தது. எடை மெஷினில் வைத்தேன். தண்ணீர், சாப்பாடு இல்லாமலே எட்டரை கிலோ. என் பை ஏழு. உள்ளே என் ட்ரைபாட், என் மழைக்கோட்டு, என் ஃப்ளாஷ், என் பேட்டரிகள், என் மாற்றுச் செருப்பு. அவளுடையது என்று ஒரு துண்டும் மழைக்கோட்டும்.

“போன மாசம் தோள்ல ஊசி போட்டுக்கிட்டுதான் வந்தா. உங்கிட்ட சொல்லலையா மாப்ள?” என்றார் மாமா.

சொல்லல! ஏன் சொல்லல? வாய் எங்க போச்சு அவளுக்கு? வீடு வரும்வரை அவள் மேல்தான் கோபம். அப்புறம் யார் மேல் என்று தெரியவில்லை. தெரியும். எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 16, சனி
பையை மாற்றினேன். சாதாரண மலையேற்றப் பை. “இதுல கேமராவுக்குத் தனி இடமே இல்ல சார்” என்றார் அதே ஆள். தெரியும் ஐயா. தண்ணீர், சாப்பாடு, இரண்டு மழைக்கோட்டு போக, ஒரு கேமராவும் ஒரு லென்ஸும் துண்டில் சுற்றி உள்ளே போகின்றன. பெரிய லென்ஸ் வீட்டில். வயிற்றெரிச்சல்தான்.

அக்காவுக்கு போன் செய்தேன். “எல்லாத்தையும் நானே தூக்கறேன். நீ கையை வீசிட்டு வா.” கொஞ்சம் கத்தலாகத்தான் வந்தது. “யோசிக்கறேன்” என்றாள்.

மார்ச் 24, ஞாயிறு
வந்தாள். தலையில் தொப்பி, தோளில் ஒன்றும் இல்லை. நடுவழியில் ஒரு கழுகு தலைக்கு மேலேயே வட்டமடித்தது. பெரிய லென்ஸ் இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். சொல்லிப் புலம்பலாம் என்றால் அக்காவைக் காணோம். முதல் திருப்பத்திலேயே முன்னால் போய்விட்டாள். நான் மூச்சுவாங்க உச்சிக்குப் போனபோது, ஷூவைக் கழற்றிவிட்டுப் பாறையில் உட்கார்ந்திருந்தாள். வந்து இருபது நிமிஷம் ஆகிறதாம்.

இத்தனை வருஷமாக அவள் மெதுவாக நடப்பவள் என்றே நினைத்திருந்தேன்.