ராசிபுரத்துப் பெண்ணின் ஒரு பக்க அறிக்கை

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில். நாமக்கல் ஆபீசில் ஏசி பாதிதான் ஓடுகிறது. எங்கள் லாரி கம்பெனிக்கு சைபர் செக்யூரிட்டி ஆள் வேண்டுமாம். ஐடி மேனேஜர் என்பதால் விளம்பரம் நானே எழுதினேன்: ஃபயர்வால், சிஸ்டம் லாக் பதிவுகளைப் பார்த்தல், பொறுமை, புரியும்படி எழுதுதல், நம்பகத்தன்மை.
கடைசியது இல்லாவிட்டால் மற்றது எதற்கு? நல்ல வரி.

ஜூன் 12, வியாழன்
மூன்று பேர். ஒருவனுக்குச் சான்றிதழ் ஏழு, மூளை பூஜ்யம். அடுத்தவன் "ஹேக்கிங் தெரியுமுங்க" என்றான். வைஃபை இணைக்கத் தெரியவில்லை. அவன் முன்னாலேயே சிரித்தேன்.
மூன்றாவது, ராசிபுரத்துக் கலைவாணி. "வேல கெடைக்கலீன்னா ஆவணில கண்ணாலமுங்க சார். ஊட்ல நாள் குறிச்சுட்டாங்க." அழவில்லை. சும்மா சொன்னாள்.
சோதனை: மதியத்துக்குள் எங்கள் சிஸ்டத்தில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும். எதையும் முயன்று பார்க்கலாம்.
ஒரு மணிக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.
"ரிசப்சன்ல மாலை போட்டு மொத லாரி போட்டோ இருக்குதுங்களே சார். அந்த லாரி நம்பர்தானுங்க அட்மின் பாஸ்வேர்டு. உள்ள போயிட்டு ஒடனே வெளிய வந்துட்டேன். ஆருகிட்டயும் சொல்லலீங்க."
அந்தப் பாஸ்வேர்டை வைத்தவன் நான். நான்கு வருடமாக அதேதான்.
ஒரு பக்கம் எழுதியும் தந்தாள். தெளிவு. என் பெயர் எங்கும் இல்லை. எனக்காகவே பெயரை விட்டிருக்கிறாள். அதுதான் பொறுக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி
முதலாளியிடம் சொன்னேன்: "அந்தப் புள்ள கேக்காம கொள்ளாம சிஸ்டத்துக்குள்ள பூந்துருச்சுங்க."
"அடக் கெரகமே! போலீசுக்குச் சொல்லீரலாமா?"
"வேண்டாங்க. வயசுப் புள்ள. பாவம்."
பெரிய மனசு என்றார். காபி வரவழைத்தார்.
ஏழு சான்றிதழ்க்காரனை எடுத்தாயிற்று. என்னைக் கேள்வி கேட்கமாட்டான்.
செய்ய: பைக் சர்வீஸ். பல் டாக்டர்.
கலைவாணிக்கு மெசேஜ்: நம்பகத்தன்மை போதவில்லை. உடனே பதில்: "சரிங்க சார். அந்தப் பாஸ்வேர்ட மட்டும் மாத்தீருங்க."
திமிர்.

ஜூன் 18, புதன்
தூறல். பல் வலி.
திருச்செங்கோட்டிலிருந்து போன். போர்வெல் ரிக் கம்பெனி மேனேஜர், பழக்கமானவர்.
"ஏனுங்க, ராசிபுரத்துப் புள்ள ஒண்ணு இன்டர்வியூக்கு வந்திருக்குது. உங்ககிட்டயும் வந்துச்சாமா? எங்களுக்குப் புடிச்சிருக்குது. எடுத்துக்கலாமுங்களா?"
ஒரு 'ஆமாங்க' போதும். வாய்வரை வந்தது.
"கெட்டிக்காரிதானுங்க. பூட்டுன கதவக் கண்டா மட்டும் கை சும்மா இருக்காது."
"அப்பிடிங்களா... நல்லவேளை சொன்னீங்க."
போனை அவர் இன்னும் வைக்கவில்லை. எதிரில் இருந்த யாரிடமோ பேசுவது கேட்டது.
"நீ போயிட்டு வா அம்மிணி. சொல்லி அனுப்பறோம்."